'பூ' என்றால் மலர் மட்டும்தானா?

'பூ' என்ற சொல்லுக்கு மலரைத் தவிர வேறு பொருள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய உண்டு. பூவைப் பெயராக மட்டும் பார்க்காமல் 'பூத்தல்' என்ற வினையாகவும் பார்த்தால் அவை எளிதில் பிடிபடும்.

ஈரச் சுவரில் உப்புப் பூக்கிறது. தணலின்மேல் சாம்பல் படிந்தால் அது நீறு பூத்த நெருப்பு. ஒருவருக்காக வழியையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் பூத்துப் போகிறது. கருவிழியில் வெள்ளை படர்ந்தால் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்கிறோம். இங்கெல்லாம் செடியும் இல்லை, கொடியும் இல்லை. மேலே தானாக ஒன்று அரும்பிப் படர்வதையே நம் மொழி பூப்பதாகப் பார்த்திருக்கிறது என்று நினைக்கிறேன். பெண் பருவமடைவதைப் பூப்பு என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அப்புறம், வயலில் பூ என்றால் ஒரு போகம். ஆண்டுக்கு இருமுறை விளைவது இருபூ நிலம். பூலோகத்தில் உள்ள 'பூ' மட்டும் வேறு. அது பூமியைக் குறிக்கும் வடசொல்.

'அத்தி பூத்தாற்போல' என்பதை அரிதாக நடப்பதற்குச் சொல்கிறோம். உண்மையில் அத்தி பூக்கத்தான் செய்கிறது. காய் போலத் தெரிவதன் உள்ளேயே பூக்கள் அடைபட்டிருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

சரி, பூவும் மலரும் ஒன்றா? இன்றைய பேச்சில் ஒன்றுதான். ஆனால் மலர் என்பது பூவின் ஒரு பருவம், விரிந்த நிலை. அதற்கு முன்னால் அரும்பு, மொட்டு, முகை, போது. உதிரும் பூ வீ, வாடிப் பழையதானது செம்மல். 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்' என்று வள்ளுவர் காதல் நோய் ஒரே நாளில் வளர்வதை மூன்று பருவங்களில் சொல்லிவிடுகிறார். எல்லாவற்றையும் பூ என்றே சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் குறளின் பாதி அழகு தெரியாமலே போகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அலர். நன்றாக விரிந்த பூவும் அலர்தான். ஒளித்து வைத்த காதலை ஊரே பேசத் தொடங்கினால், சங்கப் பாடல்களில் அந்தப் பேச்சுக்கும் அலர் என்றே பெயர். வாய்க்குள் முணுமுணுக்கும் வரை அது அம்பல்.