பலகைக்கு இலவச எழுத்துரு போடலாமா?

மிஷன் வீதி பேக்கரிக்குத் தமிழிலும் பிரெஞ்சிலும் பலகை செய்வதாகவும், இலவச எழுத்துருவால் பின்னால் வம்பு வருமோ என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லஸ்ட்ரேட்டரில் (அடோபியின் வடிவமைப்பு மென்பொருள்) 'கொ' உடைகிறது என்றும் சொன்னீர்கள்.

வம்பு வராது. கூகுள் ஃபான்ட்ஸில் கேட்டமரான் என்ற எழுத்துருவை எடுங்கள் (பெயர் நம்ம கட்டுமரம்தான், புதுச்சேரிக்குப் பொருத்தம்!). ஒன்பது தடிமன்கள், பிரெஞ்சு மேல்குறிகளும் உண்டு. உரிமம் ஓஎஃப்எல் (ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ்): வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. பலகைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

'கொ' உடைவது எழுத்துருவின் குற்றமில்லை. பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்யுங்கள். அப்புறம் பாராகிராஃப் பேனல் மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் & சவுத் ஏசியன்' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். சரியானதும் அவுட்லைன் ஆக்கியே (எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றியே) அச்சுக்கு அனுப்புங்கள். பிளக்ஸ் கடைக் கணினியில் இந்த எழுத்துரு இருக்கும் என்று நம்பி ஒருமுறை நான் பட்டது போதும்.