ராத்திரி ஹைவேக்கு எந்த ஸ்போட்லைட்? சுங்கை சிப்புட் வயர்மேன் பதில்கள்

கேள்வி: அண்ணே, 200 வாட் எல்இடி ஸ்போட்லைட் 80 வெள்ளிக்குக் கிடைக்குது. மைவி காருக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வாட் என்பது பேட்டரியிலிருந்து எவ்வளவு இழுக்கும் என்ற கணக்கு. ரோட்டில் வெளிச்சம் எங்கே விழும்னு அது சொல்லாது. விளக்குக் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கான்னு பாருங்க, அதுதான் அங்கீகார முத்திரை. ஹை பீம், அதாவது தூர வெளிச்ச விளக்குன்னா பக்கத்தில் 17.5, 37.5 மாதிரி இன்னொரு எண் இருக்கும். அது கூடினா வெளிச்சமும் கூடும். ஐரோப்பிய விதிப்படி ஒரு வண்டியில் சேர்ந்து எரியும் ஹை பீம்களின் எண்கள் கூட்டினா 100-ஐத் தாண்டக்கூடாது.

கேள்வி: ஹைலக்ஸில் 55 வாட் ஹாலோஜன் ரெண்டு போட்டும் மங்கலா இருக்கே?

பதில்: லைட்டைக் குறை சொல்லாதீங்க, வயரைப் பாருங்க. ரெண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல இழுக்குது. மெல்லிய வயரில், சுவிட்ச் வழியா அவ்வளவும் போனா வோல்டேஜ் இறங்கும். பத்து சதவீதம் இறங்கினாலே ஹாலோஜன் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு போயிடும். பேட்டரியிலிருந்து நேரா தடிச்ச வயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்). எர்த் போடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டணும். ரிலேவைத் தூண்டும் வயரை ஹை பீமிலிருந்து எடுங்க. லோ பீம் போட்டதும் ஸ்போட்லைட் தானா அணையணும். தனி சுவிட்சில் மட்டும் விடாதீங்க. எதிரே வர்றவர் கண் கூசினா அவர் உங்க பக்கம்தான் வருவார்.

கேள்வி: மழைக்கும் பனிமூட்டத்துக்கும் மஞ்சள் லைட்தானே?

பதில்: கலர் இல்லை, உயரம். பனித்துளி ஒளி அலையைவிட ரொம்பப் பெரிசு. எந்த நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பம்பருக்குக் கீழே, அகலமா, மேல்விளிம்பு நேரா வெட்டின பீம் போதும்.

கேள்வி: அப்பா லோரியில் மஞ்சள்தான் இருந்துச்சு. பிரான்சில் சட்டமே இருந்ததே!

பதில்: இருந்தது, 1993 வரைக்கும். அது ஹெட்லைட்டுக்கு, எதிரே வர்றவருக்குக் கூச்சம் குறையணும்னு. அப்பா லோரியில் பம்பர் மேலயா, கீழயா மாட்டியிருந்தாங்க, அதைச் சொல்லுங்க.

கேள்வி: கீழதான். ஆனா எங்க போமெனும் (மெக்கானிக்) மஞ்சள்னுதான் சொல்றார்.

பதில்: அப்போ வேலை செஞ்சது அந்த உயரம்தான். ஒரே லைட் ரெண்டு வாங்கி, ஒன்றில் மட்டும் மஞ்சள் ஃபிலிம் ஒட்டி, பனியில் நீங்களே பாருங்க. கண்ணுக்கு இதமா இருக்குன்னா மஞ்சளே போடுங்க, தப்பில்லை. நீலம் அடிக்கும் வெள்ளை மட்டும் வேண்டாம்.

கேள்வி: சாகா காருக்கு எத்தனை வாட்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: கிரிக்–ஜெலி ரோட்டில் ராத்திரி போறேன். யானை குறுக்கே வந்தா தெரிய எந்த லைட்?

பதில்: ஒன்னு நேரா தூரமா, இன்னொன்னு ரோட்டோரம் பரவுற மாதிரி. லோ பீமில் தூரத்து யானையின் கால் மட்டும்தான் படும், அதுவும் கருப்பு. 90-இல் போனா நொடிக்கு 25 மீட்டர். அங்கே வேகத்தைக் குறைங்கக்கா, எந்த லைட் போட்டிருந்தாலும்.

கேள்வி: கூரை மேல எல்இடி பார்?

பதில்: ஹைவேக்குக் கூடாது. பானெட்டில் பட்டு உங்க கண்ணிலேயே அடிக்கும்.

கேள்வி: பழைய வீரா காருக்கு எத்தனை வாட் அண்ணே?

பதில்: வாட் கேட்காதீங்கன்னு சொல்லிட்டேன். ஹெட்லைட் கண்ணாடி மங்கிப்போய் இருந்தா முதல்ல அதைப் பாலிஷ் போடுங்க. அப்புறமும் பத்தலைன்னா வண்டியைக் கொண்டு வாங்க.