காமிரா தொடாத படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜின் 'மாத்லைட்' படத்தைப் பார்த்தேன். கதையில்லை, ஒலியில்லை, சுமார் நான்கு நிமிடம் ஏதேதோ துணுக்குகள் கண்ணில் அறைந்துவிட்டு மறைந்தன. காமிராவே இல்லாமல் செய்த இதை வித்தை என்னலாம், சினிமா என்று ஏன் சொல்ல வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் எரிச்சல் நியாயமானதே. முதல்முறை எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வித்தை என்று தள்ளிவிட முடியவில்லை.

1963-இல் வந்த இந்தப் படத்துக்காக பிராக்கேஜ் இறந்த விட்டில்களின் சிறகுகளையும் பூவிதழ்களையும் புல்லையும் பொறுக்கி, 16 மி.மீ. அகலமுள்ள இரண்டு ஒளிபுகும் ஒட்டுநாடாக்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார். அந்தப் பட்டையைப் படச்சுருளாகப் படியெடுத்துத்தான் திரையிட்டார்கள். காமிராவில் எடுத்த சுருள் தனித்தனிக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும், இந்தப் பட்டையிலோ கட்டமே கிடையாது. 16 மி.மீ. சுருளில் ஒரு கட்டத்தின் உயரம் ஏறத்தாழ 7.5 மி.மீ.தான் என்பதால், அதைவிட நீளமான சிறகு இரண்டு மூன்று கட்டங்களைத் தாண்டிக் கிடக்க, திரையிடும் கருவி அதை நறுக்கி நறுக்கி, நொடிக்கு 24 துண்டு என்ற வேகத்தில் நம் முன் வீசுகிறது. சிறகின் நுனி, உடனே நரம்போடிய நடுப்பகுதி, பிறகு வெறும் வெண்மை. நாம் காணும் படபடப்பு பூச்சியுடையது அல்ல, கருவியுடையது. அசையாதவற்றை வரிசையாக ஓட்டி அசைவை உண்டாக்குவதுதானே சினிமா? இதை மறைக்காமல் காட்டுகிற படத்தைச் சினிமா அல்ல என்று எப்படிச் சொல்வது?

அது அவர் கையில் காசில்லாமல் திண்டாடிய காலம். விளக்கில் விழுந்து கருகும் பூச்சிகளில் தன் நிலையையே கண்டதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். விளக்கில் விழும் விட்டில் நம் கவிதையில் தேய்ந்துபோன உவமை (நானும் எழுதித் தொலைத்திருக்கிறேன்). அவர் உவமை சொல்லாமல், அந்தச் சிறகுகளின் வழியாகவே மறுபடி ஒளியைச் செலுத்தினார்.

அவருடைய எல்லாப் படங்களுக்காகவும் நான் வாதாட வரவில்லை. நூற்றுக்கணக்கில் எடுத்தவர், 'டாக் ஸ்டார் மேன்' இன்றும் என்னைச் சோர்வடையச் செய்கிறது. காமிராவோடு அவரைச் சந்திக்க விரும்பினால், தம் முதல் குழந்தையின் பிறப்பைப் படமாக்கிய 1959-ஆம் ஆண்டின் 'விண்டோ வாட்டர் பேபி மூவிங்' பாருங்கள்.

'மாத்லைட்'டை இருட்டறையில் ஒருமுறை முழுதாக ஓட விடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாக நிறுத்திப் பாருங்கள்: ஒரு கட்டத்தின் விளிம்பில் அறுபடும் சிறகின் நரம்பு, அடுத்த கட்டத்தில் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.