சைக்கடெலிக் ராக்: எந்த ஆல்பம், எந்தப் பதிப்பு? கேள்வி பதில்

1966 முதல் 1975 வரை வந்த சைக்கடெலிக் ராக் (தலை சுற்றுவது போன்ற விநோத ஒலிகளைக் கலந்த ராக் இசை) ஆல்பங்களைப் பற்றிய கேள்விகள் இவை. பட்டியல் கேட்டவர்களே அதிகம். ஆனால் இந்த இசையில் ஆல்பத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. மோனோவா (எல்லா ஒலியும் ஒரே சேனலில்) ஸ்டீரியோவா (இடம், வலம் என இரண்டு சேனல்), எந்த நாட்டுப் பதிப்பு, பாட்டு வரிசை சரியா என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பிங்க் ஃப்ளாய்டோட முதல் ஆல்பத்துல ஆரம்பின்னு நண்பர்கள் சொன்னாங்க. கேட்டேன், ஒட்டவே இல்லை. வேற எங்க ஆரம்பிக்கலாம்?

'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' (1967) எனக்கு மிகப் பிடித்த ஆல்பம். ஆனாலும் முதல் ஆல்பமாக அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குழுவின் பாடகர் சிட் பாரெட் ஒரு பாட்டில் குழந்தைக் கதை சொல்வார்; இன்னொரு பாட்டில் ஒன்பதரை நிமிடத்துக்கு வாத்தியங்களை அவிழ்த்துவிடுவார். பழகாத காது அதில் தவிக்கும்.

பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (ஆகஸ்ட் 1966) முதலில் வரட்டும். 14 பாட்டு, மொத்தம் 35 நிமிடம். பாட்டுகள் சிறியவை, மெட்டு தெளிவானது, ஒலியில்தான் புதுமை. கடைசிப் பாட்டான 'டுமாரோ நெவர் நோஸ்' வரும்போது காது தயாராகியிருக்கும். அதில் ட்ரம்ஸும் பேஸும் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். மேலே டேப் துண்டுகளை வளையமாக ஒட்டி ஓடவிட்ட ஒலிகள் வந்து வந்து போகும். பாட்டின் பின்பகுதியில் லென்னனின் குரல், ஆர்கனுக்காகச் செய்யப்பட்ட லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக வருகிறது. ஒருமுறை ட்ரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அடுத்த முறை டேப் ஒலிகளை மட்டும்.

அதன் பிறகு ஜெஃபர்சன் ஏர்பிளேனின் 'சர்ரியலிஸ்டிக் பில்லோ' (பிப்ரவரி 1967). 'ஒயிட் ராபிட்' இரண்டரை நிமிடப் பாட்டு. பல்லவி திரும்பி வராது. பொலேரோ தாளத்தில் தொடங்கி கடைசி வரி வரை ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டும் பிடித்துவிட்டால் மூன்றாவதாகப் பைப்பருக்குத் திரும்புங்கள்.

கேள்வி: இயர்ஃபோன்ல கேட்டா பாடுறவர் ஒரு காதுல மட்டும் வர்றார், ட்ரம்ஸ் இன்னொரு காதுல. என் இயர்ஃபோன் கெட்டுப்போச்சா?

இயர்ஃபோனில் கோளாறு இல்லை. அந்தக் காலத்து ஸ்டீரியோ மிக்ஸ் அப்படித்தான் இருக்கும். 1966, 67இல் லண்டன் ஸ்டூடியோக்களில் நான்கு ட்ராக் டேப்தான். ஒரே ட்ராக்கில் ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் சேர்ந்திருக்கும். பிறகு அவற்றைப் பிரிக்க வழியில்லாததால் மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிவிட்டார்கள். வாங்குபவர்களில் பெரும்பாலோரிடம் மோனோ பிளேயர்தான் இருந்தது. அதனால் உழைப்பெல்லாம் மோனோ மிக்ஸுக்குப் போனது. 'சார்ஜெண்ட் பெப்பர்' (1967) ஆல்பத்தின் மோனோவும் ஸ்டீரியோவும் ஏறத்தாழ இரண்டு வேறு ஆல்பங்கள். 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாகவும் சுருதி உயர்ந்தும் இருக்கும்.

செய்ய வேண்டியது: ஆல்பத்தின் பெயரோடு 'மோனோ' என்று சேர்த்துத் தேடுங்கள். பீட்டில்ஸ், பைப்பர் இரண்டுக்கும் மோனோ வெளியீடு உண்டு. பைப்பரின் மோனோ 2007இல் வந்த மூன்று சிடி பதிப்பில் சேர்ந்தது. கிடைக்காவிட்டால் ஃபோன் செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி பகுதிக்குப் போய் 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்யலாம். இது தற்காலிக வழிதான். இரண்டு சேனலையும் கூட்டும்போது நடுவில் இருக்கும் ஒலி தூக்கலாகும். எதிரெதிர் ஃபேஸில் இருக்கும் எஃபெக்ட்கள் ஒன்றையொன்று அழித்து மங்கும். உண்மையான மோனோ மிக்ஸுக்கு அது ஈடாகாது.

ஒரு விதிவிலக்கு: பைப்பரில் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' முடியும் தருவாயில் ஒலி இரண்டு காதுக்கும் இடையே ஓடும். அதை ஸ்டீரியோவில்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: ஒரே ஆல்பத்துக்கு ரீமாஸ்டர், ரீமிக்ஸ், டீலக்ஸ்னு ஆறேழு இருக்கு. எதைத் தொடுறது?

ரீமாஸ்டர் என்றால் பழைய மிக்ஸ் டேப் அப்படியே இருக்கும். சத்த அளவும் டோனும்தான் மாறும். ரீமிக்ஸ் என்றால் தனித்தனி ட்ராக்குகளை எடுத்து மீண்டும் கலப்பது. குரலின் இடம், எக்கோ, வாத்தியங்களின் அளவு எல்லாமே மாறலாம். பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த 'சார்ஜெண்ட் பெப்பர்' (2017), 'ரிவால்வர்' (2022) இரண்டும் ரீமிக்ஸ். ஹெட்ஃபோனில் கேட்க இவை சுகமானவை. 'ரிவால்வர்' ரீமிக்ஸில் ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கிடந்த வாத்தியங்களை மென்பொருளால் பிரித்தார்கள். ஆனாலும் 1966இல் வாங்கியவர்கள் கேட்டது எது என்று அறிய மோனோவையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

டீலக்ஸில் உள்ள சிக்கல், கூடுதல் பாட்டுகள் முடிவைக் குலைத்துவிடுவது. லவ் குழுவின் 'ஃபாரெவர் சேஞ்சஸ்' 'யூ செட் தி சீன்' பாட்டோடு முடிய வேண்டும், 11 பாட்டு. பைப்பருக்கும் 11 பாட்டுதான், முடிவு 'பைக்'. அதற்குப் பிறகு வருவதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கு நாடு பாட்டும் மாறும். பைப்பரின் முதல் அமெரிக்கப் பதிப்பில் 'அஸ்ட்ரானமி டாமினே', 'ஃப்ளேமிங்', 'பைக்' மூன்றும் கிடையாது. 'சீ எமிலி ப்ளே' சிங்கிளை முன்னால் போட்டுவிட்டார்கள். ஹெண்ட்ரிக்ஸின் 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்' ஆல்பத்தில் கதை தலைகீழ். பிரிட்டிஷ் பதிப்பில் 'பர்ப்பிள் ஹேஸ்' இருக்காது. அமெரிக்கப் பதிப்பில் இருக்கும், பதிலுக்கு 'ரெட் ஹவுஸ்' போயிருக்கும். அவருடைய 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' (1968) பழைய சிடியாகக் கிடைத்தால் வரிசையைப் பாருங்கள். தானாகத் தட்டு மாற்றும் பிளேயர்களுக்காக முதல் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் ஒரே தட்டில் அச்சிட்டிருந்தார்கள். சில சிடிக்களில் அந்தக் குளறுபடியே ஏறிவிட்டது. 'வூடூ சைல்ட் (ஸ்லைட் ரிட்டர்ன்)' கடைசியாக வந்தால் வரிசை சரி.

கேள்வி: எனக்கு மெலடி, வயலின், நல்ல ஆர்கெஸ்ட்ரேஷன் வேணும். கூச்சல் வேண்டாம். அப்படி ஏதாவது இருக்கா?

இரண்டு ஆல்பம் போதும், இரண்டும் ஆயுளுக்கு வரும்.

முதலாவது, லாஸ் ஏஞ்சலிஸின் லவ் குழு தந்த 'ஃபாரெவர் சேஞ்சஸ்' (நவம்பர் 1967). அகூஸ்டிக் கிட்டாருக்கு மேல் டேவிட் ஏஞ்சல் எழுதிய வயலின்களும் ட்ரம்பெட்டும். ஃபஸ் கிட்டார் (ஒலியைக் கரகரப்பாக்கி வாசிப்பது) மிகக் குறைவு. மெட்டு இதமாக இருந்தாலும் குழுவின் பாடகர் ஆர்தர் லீயின் வரிகள் சாவையும் அச்சத்தையும் சுற்றியே வரும். அந்த முரண்தான் இந்த ஆல்பத்தின் உயிர். அதனால் இதை மட்டும் வரிகளைப் படித்துக்கொண்டே கேளுங்கள்.

அடுத்தது ஜோம்பீஸின் 'ஒடெஸி அண்ட் ஓரக்கிள்' (1968). 12 பாட்டு, 35 நிமிடம். வயலின் போலக் கேட்பது பெரும்பாலும் மெலோட்ரான் என்ற கீபோர்டு. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு. சுமார் எட்டு நொடி ஓடினால் தீர்ந்துவிடும். எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஸ்வரம் அதற்கு மேல் நிற்காது. வாசிப்பவர் அந்த வரம்புக்குள் கட்டைகளை மாற்றிக்கொண்டே போவதைக் கவனித்துக் கேட்டால் தெரியும். 'டைம் ஆஃப் தி சீசன்' 1969இல் அமெரிக்காவில் ஹிட் ஆனபோது குழுவே கலைந்துபோயிருந்தது. இவ்வளவு கச்சிதமான ஆல்பத்துக்கு அந்தக் கதி வந்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறாது.

கேள்வி: நான் மெட்டல் ஆளு. கனமா வேணும்.

ப்ளூ சியரின் 'வின்செபஸ் எரப்டம்' (1968). பிறகு ஜப்பானின் ஃப்ளவர் ட்ராவலின் பேண்ட், 'சடோரி' (1971): ஐந்து பகுதிகள், ஹிடேகி இஷிமாவின் கிட்டார். மெட்டல் கேட்பவர்களுக்கு இரண்டாவதுதான் நிலைக்கும்.

கேள்வி: கிரேட்ஃபுல் டெட்டோட 'டார்க் ஸ்டார்' 23 நிமிஷம். பத்து நிமிஷத்துல தூக்கம் வருது. என்ன தவறு செய்றேன்?

பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருப்பதுதான் தவறு. 'லைவ்/டெட்' (1969) ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்க இந்த ஒரே பாட்டு. 1969 பிப்ரவரியில் ஃபில்மோர் வெஸ்ட் மேடையில் பதிவானது. பாடும் வரிகள் இதில் மிகக் கொஞ்சம். ராகம் தானம் பல்லவி கேட்கும்போது சாகித்யம் எப்போது வரும் என்று யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை; அந்த மனநிலையோடு உட்காருங்கள்.

முதல் தடவை ஃபில் லெஷின் பேஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் தாளத்துக்கு அடி கொடுத்துக்கொண்டு நிற்பவர் இல்லை. ஜெர்ரி கார்சியாவின் கிட்டாரோடு பேசிக்கொண்டே போவார். கார்சியா ஒரு சிறு சங்கதி போட்டதும் பேஸ் அதை எடுத்துத் திருப்புவது காதில் விழ ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. பாதிப் பேருக்கு இந்தப் பாட்டு பிடிக்காமல் போவதற்கு அதுவே காரணம். அப்படியும் ஒட்டவில்லையா? விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை.

கேள்வி: இந்தப் பாட்டுகள்ல சித்தார், தம்புரா எல்லாம் வருதே. உண்மையிலேயே ராகம் இருக்கா, இல்ல சும்மா அலங்காரமா?

இரண்டும் உண்டு. பல குழுக்களுக்குச் சித்தார் ஒரு வாசனைப் பொருள் மாதிரிதான். ஜார்ஜ் ஹாரிசன் விஷயம் வேறு. ரவிசங்கரிடம் உட்கார்ந்து கற்றவர். 'ரிவால்வர்' ஆல்பத்தின் 'லவ் யூ டு' பாட்டில் தபலா வாசித்த அனில் பாகவத்தின் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. ஸ்வரங்கள் காஃபி தாட், நமக்குக் கரஹரப்ரியா. 'விதின் யூ விதௌட் யூ' கமாஜ் தாட், அதாவது ஹரிகாம்போதி ஸ்வரங்கள். நடுவில் வரும் வாத்தியப் பகுதியை ஐந்தைந்தாக எண்ணிப் பாருங்கள், சரியாக உட்காரும். தில்ரூபா என்ற வில் வாத்தியம் சொல்ல, சித்தார் பதில் சொல்லும்.

சித்தாரே இல்லாமல் இந்தியத் தாக்கம் கேட்க வேண்டுமானால் பேர்ட்ஸின் 'எய்ட் மைல்ஸ் ஹை' (1966). ரவிசங்கரையும் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் கோல்ட்ரேனையும் பயணம் முழுக்கக் கேட்டுவிட்டு, அதை ரோஜர் மெக்வின் 12 கம்பிக் கிட்டாரில் இறக்கினார்.

கேள்வி: போதை எடுத்தாத்தான் இந்த இசை புரியும்னு சொல்றாங்களே?

தேவையே இல்லை. தலை சுற்றுவது போலக் கேட்பது எல்லாம் டேப் மெஷினில் செய்த வேலை. இரண்டு மெஷின்களில் ஒரே ஒலியை ஓடவிட்டு ஒன்றின் வேகத்தை இம்மியளவு மாற்றினால் ஃபேசிங் வந்துவிடும். அதைக் கவனிக்கத் தெளிந்த காதுதான் வேண்டும்.

கேள்வி: ரோலிங் ஸ்டோன்ஸ் இந்த பாணியில செஞ்ச ஆல்பம்?

'தெயர் சடானிக் மெஜஸ்டீஸ் ரிக்வெஸ்ட்', 1967 டிசம்பரில் வந்தது. 'ஷீஸ் எ ரெயின்போ', '2000 லைட் இயர்ஸ் ஃப்ரம் ஹோம்' இரண்டையும் கேளுங்கள். மற்றவை அவசரமில்லை.

கேள்வி: இங்கிலீஷ் இல்லாத நாடுகள்ல என்ன கேட்கலாம்?

பிரேசிலின் ஓஸ் முடான்டெஸ் (1968, குழுவின் பெயரே ஆல்பத்தின் பெயர்). முதல் பாட்டில் மின்சாரம் போனது போல இசை இழுத்துக்கொண்டு நின்றுவிடும். பிளேயரைத் தட்டாதீர்கள், வேண்டுமென்றே செய்தது. ரொஜேரியோ டுப்ராட்டின் ஆர்கெஸ்ட்ரேஷன், ரீட்டா லீயின் குரல், குழுவின் அர்னால்டோ, செர்ஜியோ இருவரின் சகோதரர் கிளாடியோ வீட்டிலேயே செய்து கொடுத்த மின்கருவிகள். ராணுவ ஆட்சிக்கு நடுவே இவ்வளவு விளையாட்டாகப் பாடினார்கள். இவர்களோடு இணைந்து இயங்கிய ஜில்பெர்டோ ஜில்லும் கயட்டானோ வெலோசோவும் 1968 டிசம்பரில் கைதாகிப் பின்பு லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது.

துருக்கியில் எர்கின் கோரையின் 'எலெக்ட்ரோனிக் துர்குலெர்' (1974), நாட்டுப்புறப் பாட்டும் மின்வாத்தியமும் கலந்தது. ஜாம்பியாவின் விட்ச், 'லேஸி போன்ஸ்' (1975). பாட்டு ஆங்கிலம்தான், ஆனால் தாளம் வேறு உலகம்.

கேள்வி: கிட்டார் வாசிக்கிறேன். ஃபஸ் பெடல் வாங்கினேன், கூட்டமா எல்லாம் கலந்து கேட்குது. ரிவர்ஸ் சோலோவும் செய்யணும்.

ஃபஸ் ஃபேஸ் வகையாக இருந்தால் கிட்டாரிலிருந்து வரும் வயர் நேராக அதற்குள் போக வேண்டும். பஃபர் (சிக்னலை வலுப்படுத்தும் சுற்று) உள்ள ட்யூனரோ வேறு பெடலோ முன்னால் இருந்தால் ஒலி கரகரத்துப் போகும். ஃபஸ்ஸை முழுதாகத் திருப்பிவிட்டு, கிட்டார் வால்யூமை ஏழு, எட்டில் வையுங்கள். தெளிவு அங்கேதான் வரும். முழுக் கார்டுகளைத் தவிர்த்து இரண்டு கம்பி மட்டும் அடியுங்கள். ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் வைத்தது என்றால் சூட்டில் அதன் பயாஸ் (வேலை செய்யும் மின் அளவு) நகர்ந்துவிடும். நம் ஊர் மே மாதத்துக்கு சிலிக்கன் வைத்ததே நிம்மதி. பிஎன்பி வகை ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் வைத்த பெடல் பெரும்பாலும் பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது மற்ற பெடல்களுக்கு நேர்மாறான மின் இணைப்பு. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் தொடுத்தால் ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரி போடுங்கள்.

ரிவர்ஸ் சோலோவுக்கு, முதலில் பின்னணி இசை முழுவதையும் மென்பொருளில் தலைகீழாக்குங்கள். அதைக் கேட்டுக்கொண்டே சோலோ வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருப்புங்கள். கார்டுகள் கடைசியிலிருந்து முதலுக்கு வரும் என்பதால் அந்த வரிசையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். திருப்பிய பிறகு ஸ்வரம் மெல்ல வீங்கி, முடியும் இடத்தில்தான் அடி விழும். அதனால் அடி எந்தத் தாளத்தில் விழ வேண்டுமோ, தலைகீழ் ஓட்டத்தில் அந்தத் தாளத்திலேயே கம்பியைத் தட்டி நீளமாக நிற்க விடுங்கள். வேக வேகமான ஓட்டங்கள் திரும்பும்போது குழம்பிவிடும். நான்கு நீண்ட ஸ்வரங்கள் போதும்.