அல்லியம் கிழங்கைப் பிரித்து நட்டால் சிங்கப்பூரில் பூக்குமா?

கேள்வி: ஊதா நிறத்தில் பந்து போலப் பூக்கும் அல்லியம் கிழங்குகளை இணையத்தில் வாங்கி, செங்காங்கில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் நட்டேன். இலை வந்தது, பூ வரவில்லை. இலை காய்ந்ததும் தோண்டிப் பார்த்தேன். கிழங்கு சின்னச் சின்னதாகப் பிரிந்திருக்கிறது. தனித்தனியாக வேறு தொட்டிகளில் நட்டால் பூக்குமா?

பூக்காது. உங்கள் பராமரிப்பில் குறையில்லை, இங்கே குளிர்காலம் இல்லை, அவ்வளவுதான்.

வெங்காயம், பூண்டின் உறவான அழகு அல்லியங்களில் பல, மத்திய ஆசிய மலைச்சரிவுகளிலிருந்து வந்தவை. மண்ணுக்குள் பல வாரம் குளிரை அனுபவித்த பிறகுதான் பூந்தண்டு ஒழுங்காக எழும். இங்கிலாந்திலோ நெதர்லாந்திலோ என்றால் நீங்கள் கேட்ட வேலை சரியானதே. கோடையில் இலை பழுத்ததும் தோண்டி, பக்கக் கிழங்குகளைப் பிரித்து, இலையுதிர்காலத்தில் கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில் நடுவார்கள். சின்னக் கிழங்கு பூக்க அங்கேயே இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

இங்கே இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அந்த வெப்பத்தில் இலை சேர்த்த சத்தெல்லாம் செலவாகி, கிழங்கு ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே போகும். ஈரமும் சேர்ந்தால் அழுகல்தான். ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். காகிதப் பையில், பழங்களைவிட்டுத் தள்ளி, பத்துப் பன்னிரண்டு வாரம் வைக்கலாம். ஆனால் பெரிய, புதிய கிழங்குக்கே அது ஒரு முறை முயற்சிதான். உங்களிடம் உள்ள சின்னவற்றுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இங்குள்ள கரையோரப் பூந்தோட்டங்களில் (Gardens by the Bay) டியூலிப் பூப்பதே குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்துக்குள்தான். காட்சி முடிந்ததும் செடிகளை மாற்றிவிடுகிறார்கள்.

பிரித்துப் பிரித்துப் பெருக்கும் சந்தோஷம்தான் வேண்டுமென்றால் மழை லில்லி வாங்குங்கள். இளஞ்சிவப்பும் வெள்ளையும் இங்கே நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கும். கொஞ்ச நாள் காய்ந்து, பிறகு நல்ல மழை பெய்தால் சில நாளில் பூத்துவிடும். தாழ்வாரத்தில் மழை படாவிட்டால், மண்ணைச் சற்றுக் காயவிட்டு நன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தினமும் நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது இல்லாத தாழ்வாரத்தில் இலை மட்டும்தான் நீளும்.

பிரிப்பதில் அவசரம் வேண்டாம். மழை லில்லிக்குக் கொஞ்சம் நெருக்கம் பிடிக்கும். கிழங்குகள் தொட்டியை முட்டி, பூ குறையத் தொடங்கிய பிறகு பிரித்தால் போதும். ஒரு சுற்றுப் பூ முடிந்த கையோடு செய்யுங்கள். முந்தின நாள் தண்ணீர் ஊற்றி, தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதறிவிட்டுக் கையாலேயே பிரியுங்கள். கத்தி வேண்டியதில்லை. வேரை வெட்டாதீர்கள், மெத்தென்று அழுகியதை மட்டும் எறிந்துவிடுங்கள். பெர்லைட்டோ (தண்ணீர் வடிய உதவும் வெள்ளைத் துகள்) பருமணலோ தாராளமாகக் கலந்த மண்ணில், கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் தெரியும்படி, நாலு விரல் இடைவெளியில் நடுங்கள். முதல் வாரம் ஈரம் இருந்தால் போதும், வெள்ளம் வேண்டாம். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், தட்டையே எடுத்துவிடுங்கள். தொட்டிகள் பெருகும்போது நடக்க 1.2 மீட்டர் வழி விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. மழை லில்லியின் இலை, சந்தையில் வாங்கும் குச்சாய்க் கீரை (பூண்டு வாசனையுள்ள ஒரு கீரை) போலவே இருக்கும். கிழங்கு சின்ன வெங்காயம் போல இருக்கும். ஆனால் மழை லில்லி விஷம், தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். கசக்கினால் பூண்டு வாசனை வராத இலை சமையலுக்கு ஆகாது என்று வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாகச் சமைப்பவருக்கு, சொல்லிவையுங்கள். மிஞ்சிய கிழங்குகளைச் சமையலறையில் காயப்போடவும் வேண்டாம்.