சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்களை எப்படித் தேடுவது?

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். கைப்பேசியில் எதைத் தட்டினாலும் சினிமாப் பாட்டே வருகிறது. சொந்தமாக எழுதி, மெட்டமைத்துப் பாடும் புதிய தமிழ் இசைக்குழுக்கள் நிறைய இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்ட வரைக்கும் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கிறதே, ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை எப்படி உணர்வது?

பதில்: இசைச் செயலிகள் உங்களைப் போலவே கேட்கும் லட்சக்கணக்கானவர்களின் பழக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடுத்த பாட்டை எடுத்து வைக்கின்றன. தன் முதல் பாட்டை நேற்றுதான் வெளியிட்ட குழுவுக்கு, ஒப்பிடுவதற்கு ஆளே இருக்காது. அதனால் அது தானாக உங்கள் காதுக்கு வந்து சேராது. நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். அப்படிப் போவதற்கு நான் நம்பும் வழி ஒன்றே ஒன்று: பெயர்களைப் பின்தொடர்வது.

ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் பாடியவரின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். யூடியூபில் பாட்டுக்குக் கீழே இருக்கும் குறிப்பை முழுவதும் விரித்துப் படியுங்கள். கிட்டார் யார், தாளம் யார், ஒலிக்கலவை யார் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ‘லா பொங்கல்’ குழுவைக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தோணிதாசனின் குரல் உங்களைப் பிடித்து இழுக்கும். தஞ்சைப் பக்கத்துத் திருவிழாக்களில் பழுத்த குரல் அது. அதே குழுவில் தர்புகா சிவா என்றொரு பெயர் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் ‘யோதகா’ கிடைக்கும். பழைய சமஸ்கிருதச் சுலோகங்களுக்குப் புது மெட்டுப் போட்ட குழு அது. ஒலியில் லா பொங்கலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யோதகாவில் பாடிய பிரதீப் குமாரைத் தொடர்ந்தால் தமிழில் ராக் பாடும் ‘ஊர்கா’ வரும். ஒரு குறிப்பைப் படிக்கத் தொடங்கியதற்கு இரண்டு புதிய கதவுகள் திறந்துவிட்டன.

பெயரைப் பிடித்துப் போக இன்னொரு வழியும் உண்டு. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2017-இல், இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. கானா, ராப், ராக் மூன்றும் அதில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே போகும். 2021-இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டு வழியாக வீடுதோறும் தெரிந்த ராப் பாடகர் ‘அறிவு’, இந்த மேடையில் நின்றவர்தான். டென்மாவின் பெயரைத் தொடர்ந்தால் அவர் பாடகர் கபேர் வாசுகியோடு சேர்ந்து நடத்திய ‘குரங்கன்’ குழு கிடைக்கும். கபேர் வாசுகியைத் தனியாகவும் கேளுங்கள். சொல்லுக்கு அவர் கொடுக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

தேடும்போது ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் இரண்டு முறை தேடுங்கள். கிடைப்பவை வேறு வேறாக இருக்கும். சினிமாவுக்கு வெளியே வரும் இந்த இசைக்கு ‘சுயாதீன இசை’, ‘தமிழ் இண்டி’ இரண்டுமே புழக்கத்தில் உள்ள சொற்கள். புதிய குழுக்களுக்கென்று செயலியில் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே கணக்கில் சினிமாப் பாட்டையும் கேட்டால் பழைய பழக்கமே ஜெயித்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் இயர்போன் வாங்குங்கள், கம்பி உள்ளது போதும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அந்த அதிர்வைக் கொண்டுவர முடியாது. பாதிப் பாட்டு காதுக்கே வராமல் போனால் எல்லாக் குழுவும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

பிறகு குரலை மறந்துவிட்டுத் தாளத்தை மட்டும் கேளுங்கள். காலால் தட்டிப் பாருங்கள். நம் பக்கத்துக் கும்மியும் கரகமும் பல நேரம் மூன்று மூன்றாக நடக்கும். ராக் டிரம்ஸ் பெரும்பாலும் நான்கு நான்காக நடக்கும். இரண்டையும் ஒரே பாட்டில் கட்ட நினைக்கும் குழு எங்கேயாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். பறை டிரம்ஸுக்கு இறங்கி வருகிறதா, டிரம்ஸ் பறைக்கு வழி விடுகிறதா? அந்த முடிவில்தான் ஒரு குழுவின் முகம் தெரியும்.

அடுத்து, தோல் கருவி நிஜமா, கணினியிலிருந்து எடுத்து ஒட்டியதா என்று கவனியுங்கள். உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து அந்த முனகலை எழுப்புகிறார்கள். மனிதக் கை தேய்க்கும்போது ஒவ்வொரு முனகலும் நீளத்தில் கொஞ்சம் மாறும். ஒன்று இழுத்து நிற்கும், ஒன்று பாதியில் அறும். ஒட்டிய ஒலியில் பத்து முனகலும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

பறையும் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு கல்லூரியின் திறந்தவெளிக் கலைவிழாவுக்குப் போயிருந்தேன். மாலையில் தூறல். மாணவர் குழு ஒன்று மேடையேறி முதல் அடி அடித்ததும் பறை ‘பொத்’ என்று விழுந்தது. ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டது. வாசித்த பையன் பதறவே இல்லை. மேடைக்குப் பின்னால் போய்ப் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, பறையைத் தணலின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினான். நடுவில் சிம்புக்குச்சியால் ஒரு தட்டுத் தட்டிக் காது வைத்துப் பார்த்தான். மறுபடி தணல், மறுபடி தட்டு. மூன்றாம் தடவை அந்தக் கணீர் ஒலி வந்ததும் கிட்டார்காரன் அங்கிருந்தே பாட்டைத் தொடங்கிவிட்டான். பாட்டின் கடைசிப் பகுதியில் பறை ஒரு நூல் தாழ்ந்திருந்தது. பாடியவனும் அதற்கேற்பக் கொஞ்சம் இறங்கிப் பாடினான். எந்த ஸ்டூடியோவிலும் நான் கேட்காத ஒலி அது.

இப்படிக் கேட்கக் காதுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு நீங்கள் தூரம் போக வேண்டாம். 2025-இல் பத்மஸ்ரீ பெற்ற பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் நம் அலங்காநல்லூர்க்காரர். அவர் வாசிப்பதைச் சில முறை கேட்டுவிட்டு எந்தப் புதுக் குழுவின் பறைக்கும் வாருங்கள், உண்மை தானாகப் பிடிபடும்.

நேரில் கேட்க, கல்லூரிக் கலைவிழாக்களை விடாதீர்கள். நீலம் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’ 2021 டிசம்பரில் மதுரையிலும் மேடை போட்டது. டிசம்பர் நெருங்கும்போது அவர்களுடைய அறிவிப்பைப் பாருங்கள். ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடந்தால், முடிந்ததும் கீபோர்டு வாசிப்பவரிடமோ பேடு வாசிப்பவரிடமோ போய், “தம்பி, சொந்தப் பாட்டு ஏதாவது செய்கிறீர்களா?” என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். கூச்சத்தோடு கைப்பேசியை எடுத்துப் போட்டுக் காட்டியவர்கள் உண்டு.

பிடித்த பாட்டை முழுதாகக் கேளுங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கடந்தால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசு கிடையாது. பெரிய நட்சத்திரத்துக்கு உங்கள் ஒரு முறை பெரிதாகத் தெரியாது, செக்கானூரணியில் நான்கு பேர் சேர்ந்து போட்ட பாட்டுக்கு அது பெரிய விஷயம். கையில் காசு இருந்தால் பேண்ட்கேம்ப் தளத்தில் ஆல்பத்தை விலை கொடுத்து வாங்கலாம். அங்கே விலையில் பெரும்பங்கு பாடியவர்களுக்கே போகிறது.

நாளைக் காலை பஸ்ஸில் ‘குரங்கன்’, மாலையில் ‘லா பொங்கல்’ என்று தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் நோட்டில் எத்தனை பெயர்கள் சேர்ந்தன என்று எழுதுங்கள். எனக்குத் தெரியாத பெயர் ஒன்றாவது இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், நானும் கேட்கிறேன்.