பிரசவ அறையையும் கூட்டிக்கொண்டு போங்கள்

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் தாதி. தாதியர் பயிற்சிக்குப் பிறகு ஓராண்டு மகப்பேற்றுப் பயிற்சியும் முடித்தேன். 14 ஆண்டுகளாகப் பிரசவ அறையில்தான் வேலை. வேலை பார்த்துக்கொண்டே இளங்கலையும் முதுகலையும் படித்தேன். இப்போது கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் விரிவுரையாளர் வேலை தருகிறது. முனைவர் பட்டச் செலவை அவர்களே ஏற்பார்களாம். இரண்டு ஆண்டுகளில் மகப்பேற்றுப் பாடத்திட்டத்துக்குத் தலைவி ஆகலாம் என்றும் சொல்கிறார்கள். எங்கள் வார்டு சிஸ்டர், “உனக்கு நல்ல கை. அங்கே போய் ஸ்லைடு காட்டிக்கொண்டே எல்லாம் மறந்துவிடுவாய்” என்கிறார். மாமியார், “பென்ஷன் வேலையை யாராவது விடுவாங்களா?” என்கிறார். கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. மூத்த மகள் அடுத்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதுகிறாள். தமிழ்ப்பள்ளியில் படித்த நான், பேராசிரியர்கள் நடுவில் ஆங்கிலத்தில் பேசி நிற்க முடியுமா என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அவர்கள் நீட்டும் கடிதத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சிஸ்டர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உண்மை. கைப்பழக்கம் மங்கும். தாயின் வயிற்றைத் தொட்டவுடன் பிள்ளையின் முதுகு எந்தப் பக்கம் என்று சொல்லும் விரல்கள், ஓராண்டு தொடாமல் இருந்தால் தயங்கத் தொடங்கும். மாணவிகளும் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் கோலாலம்பூரில் தாதியர் மாணவிகளுக்குப் பாடம் நடத்திய காலத்தில் கண்டது இது: முந்தின வாரம் வார்டில் நடந்ததைச் சொல்லிப் பாடம் எடுப்பவரின் வகுப்பில் யாரும் கைப்பேசியைத் தொடமாட்டார்கள்.

அதனால் வாரத்தில் ஒரு நாள் பிரசவ அறை வேண்டும் என்று கேளுங்கள். பல்கலைக்கழகம் தன் மாணவிகளைப் பயிற்சிக்கு அனுப்பும் மருத்துவமனையிலேயே அதை ஏற்பாடு செய்யலாம். மாணவிகளின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நாளாக அது போய்விடக் கூடாது. நீங்களே கையுறை மாட்டிப் பிரசவம் பார்க்கும் நாளாக இருக்க வேண்டும். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழையும் அதற்கான சிபிடி (தொடர் தொழில்கல்வி) புள்ளிகளையும் விரிவுரையாளர் ஆனபிறகும் ஓர் ஆண்டுகூட விட்டுவிடாதீர்கள்.

பல்கலைக்கழகம் போவது தொழிலை விட்டு விலகுவது என்று சிஸ்டர் நினைக்கிறார். அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஜெனிபர் ஸ்லீப் என்ற ஆங்கிலேய மருத்துவச்சியைப் பற்றிச் சொல்கிறேன். பிரசவ நேரத்தில் கத்தரிக்கோலால் போடும் வெட்டு, அந்த எபிசியோட்டமி, ஒரு காலத்தில் பல மருத்துவமனைகளில் யோசிக்காமலே போடப்பட்டது. தானாகக் கிழிவதைவிட வெட்டுவது நல்லது, சீக்கிரம் ஆறும், பிள்ளைக்கும் பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பினார்கள். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஸ்லீப் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. 1000 தாய்மார்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் வெட்டு. மற்றதில், கிழியாமல் தடுக்கத் தாராளமாக வெட்டு. முதல் பிரிவில் 10 விழுக்காட்டினருக்கும் இரண்டாவதில் 51 விழுக்காட்டினருக்கும் வெட்டு விழுந்தது. பிறந்த பிள்ளைகளின் நிலையிலோ, பத்தாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தாய்மார் சொன்ன வலியிலோ, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 1984இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. பழக்கத்துக்காக வெட்டுவதைக் கைவிட வேண்டும் என்று வாதாடியவர்கள் பலர் அந்த ஆய்வைக் கையில் பிடித்துக்கொண்டு வாதாடினார்கள்.

தையல் போட்ட தாய்மார் மறுநாள் உட்கார முடியாமல் தவிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ மருத்துவச்சிகள் பார்த்தார்கள், மனம் வருந்தினார்கள். அந்த வருத்தத்தை எண்ணிக்கையாக்கி மருத்துவர்கள் மறுக்க முடியாத இடத்தில் வைக்க ஆய்வுப் பயிற்சி தேவைப்பட்டது. முனைவர் பட்டம் உங்களுக்குத் தரப்போவது அந்தப் பயிற்சியைத்தான். ஆய்வுத் தலைப்பை நூலகத்தில் போய்த் தேடாதீர்கள். இந்த 14 ஆண்டுகளில் எந்த வழக்கத்தைச் செய்யும்போதெல்லாம் “இது எதுக்கு?” என்று மனத்துக்குள் கேட்டீர்களோ, அதுவே உங்கள் தலைப்பு. இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை மாறியபின் அந்தக் கேள்விகள் மங்கிவிடும்.

இனி அந்தத் தலைவி பதவி. இரண்டு ஆண்டில் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். பாடத்திட்டத் தலைவியின் நாள் எதில் கழியும் தெரியுமா? கால அட்டவணை, மலேசியத் தகுதி முகவாண்மைக்கு அனுப்பும் அங்கீகார ஆவணங்கள், மருத்துவமனைகளோடு பயிற்சி இடத்துக்கான பேச்சுவார்த்தை, பெற்றோரின் தொலைபேசி அழைப்பு. எல்லாம் தேவையான வேலைதான். ஆனால் முனைவர் பட்டம் பாதியில் இருக்கும்போது தலைவியானவர்கள் ஆய்வை மூட்டை கட்டிவைத்ததை நான் நிறையவே பார்த்திருக்கிறேன், அதிலும் வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் பெண்கள். பட்டத்தை முடியுங்கள், பிறகு ஏறுங்கள்.

ஆனால் கட்டாயம் ஏறுங்கள், தங்கச்சி. “எனக்குப் பதவி ஆசை இல்லை” என்று நம் பெண்கள் சொல்லிச் சொல்லியே அந்த நாற்காலியில் பிரசவ அறையைப் பார்க்காத ஒருவர் வந்து உட்காருகிறார். உங்கள் பயிற்சி ஓராண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவுபெற்ற தாதியர் மருத்துவச்சியாக மாறும் படிப்பு குறைந்தது 18 மாதம் இருக்க வேண்டும் என்பது உலக மருத்துவச்சியர் கூட்டமைப்பின் கல்வித் தரநிலை. அந்தப் படிப்பில் பாதியாவது தாய்மார் பக்கத்தில் நடக்கும் செயல்முறைப் பயிற்சியாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இடைவெளி ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்காகப் பாடத்திட்டக் குழுவில் வாதாடப் போவது யார்? மருத்துவப் புலத்துக்குள் தாதியர் துறை, தாதியர் துறைக்குள் ஒரு மூலையில் மகப்பேறு என்று இருக்கும் இடத்தில், அதைத் தன் வேலையாக நினைக்கும் ஒருவர் மேசையில் இல்லாவிட்டால் பேச்சே எழாது. 1950இல் நம் நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1990களில் அது 50க்கும் கீழே வந்துவிட்டது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைக் கம்பங்கள் என்னும் கிராமங்களுக்கும் தோட்டப்புறங்களுக்கும் அனுப்பியது அதற்கு ஒரு பெரிய காரணம். அப்படிப்பட்டவர்களை எப்படி, எத்தனை மாதம் பயிற்றுவிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யும் இடத்துக்கு வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. நியூசிலாந்தில் 1990இல் சட்டம் மாறி, மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே பிரசவம் பார்க்கும் உரிமை மருத்துவச்சிகளுக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், தாதியர் படிப்பு வழியாக வராமல் நேரடியாகச் சேரும் பட்டப்படிப்பும் தொடங்கியது. டனீடன் நகரில் ஒட்டாகோ பாலிடெக்னிக்கின் மருத்துவச்சியர் பள்ளியை நடத்திய சாலி பேர்மன், பின்னாளில் அதே உலகக் கூட்டமைப்பின் தலைமைச் செயல் அதிகாரியானார். அவரும் ஒரு மருத்துவச்சிதான்.

ஆங்கிலத்தைப் பற்றிய பயம். நடுராத்திரி மூன்று மணிக்கு மருத்துவரை எழுப்பி, நோயாளியின் நிலையை நாலு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்லி, “உடனே வாருங்கள்” என்று வரவழைப்பவர் நீங்கள். விரிவுரைக்கு அதைவிடத் தெளிவான ஆங்கிலம் தேவையில்லை. கட்டுரை எழுதும் ஆங்கிலம் வேறு. அதற்குப் பயிற்சி வேண்டும், அதைப் படித்துக்கொள்ளலாம். முதல் வகுப்பில் ஸ்லைடே வேண்டாம். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளந்து 300 மில்லி, 500 மில்லி, 1000 மில்லி என்று பேடுகளிலும் விரிப்பிலும் ஊற்றிவைத்து, “எவ்வளவு இரத்தம்?” என்று கேளுங்கள். பெரும்பாலோர் குறைத்துத்தான் சொல்வார்கள். கண் அளவை நம்பினால் பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கைத் தாமதமாகத்தான் கண்டுபிடிப்போம் என்று அதன்பிறகு சொன்னால் எந்த மாணவியும் மறக்கமாட்டாள். 2023இல் வெளிவந்த ஈ-மோட்டிவ் ஆய்வை அந்த வகுப்பிலேயே சொல்லலாம். நான்கு ஆப்பிரிக்க நாடுகளில், அளவுக்கோடு போட்ட விரிப்பால் இரத்தத்தை அளந்து, 500 மில்லியைத் தாண்டினாலோ தாயிடம் ஆபத்து அறிகுறி தெரிந்தாலோ எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். கடுமையான இரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் 60 விழுக்காடு குறைந்தன.

பென்ஷனைப் பற்றி மாமியார் கேட்டது நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள். இப்போது விலகினால் எது கிடைக்கும், எது போகும் என்று உங்கள் மருத்துவமனையின் மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கி, புதிய இடத்தின் சம்பளத்தோடும் சேமநிதியோடும் வைத்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். அரசாங்கத்தில் இருந்துகொண்டே கற்பிக்கவும் வழி உண்டு: சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் பயிற்றுநர் ஆகலாம். முனைவர் படிப்புக்கும் படிப்பு விடுப்பு, கூட்டரசு உதவிச் சம்பளம் என்ற வாய்ப்புகள் இருக்கின்றன. தனியார் அழைப்புக்குப் பதில் சொல்லும் முன் இவற்றையும் விசாரித்துவிடுங்கள்.

மகளின் எஸ்பிஎம் முடியும்வரை கோலாலம்பூருக்கு மாற வேண்டாம். உங்களை உண்மையிலேயே விரும்பும் பல்கலைக்கழகம் அதுவரை காத்திருக்கும். அதற்குள் மேலதிகாரியின் அனுமதி பெற்று, விடுமுறை நாளில் ஓரிரு வகுப்புகள் எடுத்துப் பாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரல். கணவரோடு அப்போது பேசுவதும் சுலபமாக இருக்கும். ஊகத்தை விட்டு, நடந்ததை வைத்துப் பேசுவீர்கள்.

வாரத்தில் ஒரு நாள் பிரசவ அறை என்பதை எழுதித் தர முடியாது என்று அவர்கள் சொன்னால் அந்த வேலை வேண்டாம். உங்களைப் போன்றவரைத் தேடும் வேறு இடங்களும் இருக்கின்றன.